யம்னா கழுவிய கள்ளிவேலி

ஹம்மாம் என்கிற பொதுக் குளியல்கூடத்தின் வாசலில் துணி மூட்டைகளைக் காவல் காத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவளிடம் எல்லாக் கதையும் வந்து சேரும். குளிக்க வருகிறவள் உடுப்பைக் கழற்றி என்னிடம் தருகிறாள். கூடவே யாரைப் பற்றியாவது நாலு வார்த்தையும் தந்துவிட்டு உள்ளே போகிறாள். நான் மக்கா பக்கமே போனதில்லை. ஆனாலும் வாசலில் உட்காருகிறவளை ஹஜ்ஜா என்று கூப்பிடுவது எங்கள் ஊர் வழக்கம், கூப்பிடட்டும். நான் சொல்லப்போவது யம்னாவைப் பற்றி. ஊரில் அவளைப் பற்றிப் பேசுகிறவர்கள் கடைசியில் நடந்ததை மட்டும் பேசுகிறார்கள். அதற்கு முன்னால் என்ன நடந்தது என்று கேளுங்கள், உடனே அடுப்பில் ஏதோ கருகுகிறது என்று எழுந்து போய்விடுவார்கள்.

யம்னா எங்கள் ஹம்மாமில் உடம்பு தேய்த்துவிடுகிறவள். ஆள் குள்ளம், ஆனால் கை ஆம்பிளைக் கை. ஆலிவ் எண்ணெயில் காய்ச்சிய கருஞ்சோப்பை மேலெல்லாம் பூசி, ஊறவிட்டு, சொரசொரப்பான கையுறையை மாட்டிக்கொண்டு முதுகில் கை வைத்தாள் என்றால் பத்துப் பிள்ளை பெற்றவளும் முனகுவாள். அழுக்கு வெள்ளை வெள்ளையாகத் திரண்டு, திரிதிரியாக உருளும். அதில் ஒரு திரியை உள்ளங்கையில் எடுத்து, படுத்திருப்பவளின் முகத்துக்கு நேராக நீட்டுவாள். "பாத்துக்கோ, இதெல்லாம் உன்னோடது." வேலை நடந்ததற்கு அதுதான் அத்தாட்சி. எவ்வளவு பெரிய வீட்டுப் பெண்ணாக இருந்தாலும் அதைப் பார்த்து ஒரு தடவை தலையாட்டித்தான் ஆக வேண்டும்.

அவளைக் கட்டியவன், பிள்ளை இல்லை என்று, வாங்கின கடையிலேயே ஓட்டைப் பானையைத் திருப்பிக் கொடுக்கிற மாதிரி அப்பன் வீட்டு வாசலில் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனான். அப்பன் நல்ல மனுஷன். வயலின் ஓரத்தில் ஒரு துண்டை அளந்து, மகளையே கூட்டிப்போய், இரண்டு பேருமாகச் சுற்றிலும் சப்பாத்திக்கள்ளி நட்டார்கள். உள்ளே அத்திமரம், மாதுளை, ஒரு பாத்தி புதினா, கொஞ்சம் அவரை. வேலி இடுப்பளவு வளர்ந்தபோது மகன் புஷைபைக் கூப்பிட்டு அவன் காதுபடச் சொன்னார். "இந்த வேலிக்கு உள்ள இருக்கிறது யம்னாவோடது. வெளிய இருக்கிறது உன்னோடது." காகிதம் எதுவும் எழுதவில்லை. எங்கள் பக்கத்தில் யார் எழுதினார்கள்? கள்ளி எதுவரை நிற்கிறதோ அதுவரை நிலம். வேலி ஆள் உயரம் வளர்ந்தது, அப்பன் மண்ணுக்குள் போனான், புஷைப் ஒவ்வொரு உழவுக்கும் கலப்பையை வேலி வரைக்கும் கொண்டுவந்து, கள்ளியை ஒரு முறை முறைத்துவிட்டுத் திருப்பிக்கொண்டு போவான்.

பிறகு பூச்சி வந்தது. மடல்மேல் பஞ்சை ஒட்டவைத்த மாதிரி வெள்ளை வெள்ளையாக உட்கார்ந்திருக்கும் மாவுப்பூச்சி. நசுக்கினால் விரலெல்லாம் ரத்தச் சிவப்பு. ஒரு கோடைக்குள் எங்கள் வட்டாரத்தில் வேலி வேலியாகச் சாய்ந்தது. கள்ளி வெளுத்து, சுருங்கி, தன் பாரத்திலேயே ஒடிந்து விழும். அரசாங்கத்து இயந்திரங்கள் வந்து பிடுங்கிக் குழியில் போட்டு மூடின. பழம் விற்றுப் பிழைத்த பெண்கள் குழி விளிம்பில் நின்று, பிணத்துக்கு அழுவதுபோல் அழுதார்கள்.

யம்னா அழவில்லை. ஒரு பழைய டப்பாவைக் கொண்டுவந்து என்னிடம் வைத்தாள்.

"ஹஜ்ஜா, சாயங்காலம் வாளி அடியில மிஞ்சுற சோப்ப எனக்கு வழிச்சு வையேன்."

"எதுக்குடி?"

"வேலிக்கு. பூச்சி மேல மெழுகாட்டம் ஒரு கோட்டு போட்டுட்டு உக்காந்திருக்கு. சோப்பு பட்டா கோட்டு கரையுது, செத்துப் போகுது. கள்ளிக்கு ஒண்ணும் ஆகல. பக்கத்துல சோப்புத் தண்ணி தெறிச்ச புதினாவைக் கிள்ளித் தின்னு பாத்துட்டேன், எனக்கும் ஒண்ணும் ஆகல."

அன்றிலிருந்து ஒவ்வொரு நாளும் வெயில் ஏறுவதற்கு முன்னால், கிணற்றுத் தண்ணீரில் கருஞ்சோப்பைக் கரைத்து, கிழிந்துபோன குளியல் கையுறையைப் போட்டுக்கொண்டு, மடல் மடலாகத் தேய்த்துக் கழுவினாள். மனுஷ முதுகுக்கு என்ன செய்வாளோ அதே வேலை. பிறகு நல்ல தண்ணீர் ஊற்றி அலசுவாள். சோப்பு காய்ந்து வெயில் பட்டால் மடல் வெந்துவிடும். மயிரிழை மாதிரியான கள்ளிச் சுனைமுள் அவள் விரல்களில் ஏறி நிற்கும். ஹம்மாமுக்கு வந்து, வெந்நீரில் கையை ஊறப்போட்டு, என் கண்மை தீட்டும் கண்ணாடிக்கு முன்னால் உட்கார்ந்து பிடுங்குவாள்.

ஊர்ப் பெண்களுக்கு நல்ல தீனி கிடைத்தது.

"கழுவி முடிச்சாச்சா? மருதாணி எப்ப வைக்கப் போற?" என்று ஒருத்தி கேட்டாள்.

"மாப்பிள்ளை யாருன்னு சொல்லவே இல்லியே" என்றாள் இன்னொருத்தி.

"உன் வீட்டுக்காரன்தான் கேட்டு வந்தான். முள்ளு குத்தும், பாத்துப் படுக்கச் சொல்லு" என்று யம்னா அவள் முதுகிலேயே பதிலைத் தேய்த்தாள்.

சிரித்தார்கள். ஆனால் சுற்றுவட்டாரத்தில் எல்லா வேலியும் போன பிறகு யம்னாவின் வேலி மட்டும் பச்சையாக நின்றது. அந்தக் கோடையில் பழம் அவளிடம்தான் இருந்தது. சிரித்தவளின் புருஷன், அவனுடைய தம்பி, காப்பிக் கடையில் பொழுது போக்குகிறவன் எல்லாரும் அந்த வேலி ஓரம் நின்று உரித்து உரித்துத் தின்றார்கள். என் கூடப்பிறந்தவனும் தின்றான். அவள் யாரையும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

யம்னாவின் அண்ணன் புஷைபின் பெண்டாட்டி மஹ்ஜூபா மட்டும் தின்னவில்லை. அவள் ஹம்மாமுக்கு வரும்போதெல்லாம் யம்னாதான் தேய்க்க வேண்டும் என்பாள். படுத்துக்கொண்டே பேசுவாள்.

"ஏன் நாத்தனாரே, நாளைக்கு உனக்குக் கை விழுந்துட்டா அந்தக் கள்ளிய யாரு குளிப்பாட்டுவா?"

"கை விழும்போது பாத்துக்கலாம் அண்ணி. திரும்பிப் படு."

யம்னாவுக்கும் அந்தப் பயம் இல்லாமல் இல்லை. வேலி அடர்த்தி. வெளிமடல்களைத்தான் அவளால் கழுவ முடிந்தது. நடுவில் கை போகாது. அங்கே பூச்சி குடும்பம் நடத்தியது. ஒவ்வொரு வெக்கைக் காற்றுக்கும் புதுக் குஞ்சுகள் பறந்து வெளியே வந்து ஒட்டின. "ஒரு மாசம் நான் படுத்தா வேலியும் படுத்துரும். வேலி படுத்தா அண்ணன் உழுதுருவான்" என்று என்னிடம் வெளிப்படையாகவே சொன்னாள்.

அடுத்த கோடை தொடங்கும்போதுதான் தோட்டக்கலை நிலையத்திலிருந்து ஜவாத் என்ற பையன் பொறிவண்டு கொண்டுவந்தான். படித்த பையன், தரையைப் பார்த்துப் பேசுவான். இந்த வண்டு மாவுப்பூச்சியைத் தவிர வேறு எதையும் தொடாது, கை போகாத இடத்துக்கெல்லாம் போய்த் தின்னும் என்றான். கூட்டம் பள்ளிவாசல் முற்றத்தில் நடந்தது, ஆண்களுக்கு. யம்னா என்னதான் வேலியைக் கழுவினாலும் கூட்டத்தில் உட்கார்ந்தது புஷைப்தான். அவன்தானே வீட்டு ஆம்பிளை. வண்டுப் பெட்டியை வாங்கிக்கொண்டு, ஜவாதை வீட்டுக்கு அழைத்துப்போய்த் தேநீர் கொடுத்து, இரண்டு பேருமாகப் போய் வேலியில் விட்டுவிட்டு வந்தார்கள். அன்று ஹம்மாமில் பெண்கள் முறை. யம்னா உள்ளே யாரோ ஒருத்தியின் தொடையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

சாயங்காலம் அண்ணனிடம் போய்க் கேட்டாள். "வேற ஏதும் சொன்னாரா அண்ணே?"

"வண்டு திங்கும்னாரு. அவ்வளவுதான்."

கொஞ்ச நாள் வண்டுகளுக்கு இடம் விட்டு, அவளாகவே கழுவாமல் இருந்தாள். மடல்மேல் வண்டு ஊர்வதைப் பார்த்துவிட்டு வந்து சொல்வாள், வீட்டுக்கு விருந்தாளி வந்த மாதிரி முகம் இருக்கும். பிறகு ஒரு காலை வேலி முழுக்க வெள்ளை. முன்பு இருந்ததைவிட அதிகம். உள்ளே, வெளியே, தண்டு, மடல் எல்லாம் வெள்ளை. நேரே அண்ணன் வீட்டுக்கு ஓடினாள். அவள் அண்ணன் வாசலில் நின்று என்ன கேட்டாள், அவன் என்ன சொன்னான் என்பதை அன்றைக்கே மூச்சு வாங்க வந்து என்னிடம் ஒப்பித்தாள்.

"அண்ணே, பூச்சி ரெண்டு பங்கா ஆயிருச்சு."

"நான் அப்பவே நினைச்சேன். ஊரு பேரு தெரியாத வண்டு, நம்ம ஊர்ப் பூச்சிய என்ன பண்ணும்?"

"ஆனா இது கொஞ்சம் வேற மாதிரி இருக்கு அண்ணே. நடக்குது. நம்ம பூச்சி ஒட்டின இடத்த விட்டு நகராதே."

"பசிச்சா நீயும்தான் நடக்குற. போய்க் கழுவு."

அவள் ஒன்றும் மடச்சி இல்லை. திரும்பிப் போய் ஒன்றை எடுத்து நசுக்கிப் பார்த்திருக்கிறாள். ஊருக்கே அவள் சொல்லிக்கொடுத்த சோதனை அது. சிவப்பு வந்தால் பூச்சி. விரலில் சிவப்பு வந்தது. சந்தேகம் தீர்ந்தது.

புஷைப் அதோடு விடவில்லை. தோளில் மாட்டுகிற தன் ஸ்ப்ரேயரைத் தானே தூக்கிவந்து தங்கையிடம் கொடுத்தான். "கை போகாத இடத்துக்கு இது போகும். சோப்புத் தண்ணிய நல்லா அடி." வாழ்நாளில் அவன் அவளுக்குக் கொடுத்த ஒரே பொருள். யம்னா அண்ணனின் கையைப் பிடித்து முத்தம் கொடுத்ததாக என்னிடம் வந்து சொன்னாள். "என்னதான் இருந்தாலும் ரத்தம், ஹஜ்ஜா." நான் அன்று டப்பா நிறைய சோப்பு வழித்துக் கொடுத்தேன், முதலாளிக்குத் தெரியாமல் புதுச் சோப்பிலிருந்தும் ஒரு கை.

ஹம்மாம் வேலையை விட்டுவிட்டு வேலியே கதி என்று கிடந்தாள். உள்ளே அடித்தாள், வெளியே தேய்த்தாள். ஒன்று பாக்கியில்லாமல் கழுவினாள். முடித்துவிட்டு வந்தபோது கை இரண்டும் வீங்கி, சுனை ஏறின இடமெல்லாம் சீழ் கட்டியிருந்தது. காய்ச்சல். நடுக்கோடை முழுக்க அவளால் ஒரு தேநீர்க் கோப்பையைக்கூடப் பிடிக்க முடியவில்லை. நான்தான் ஊட்டினேன். படுக்கையிலிருந்தே கேட்பாள், "வேலி எப்படி இருக்கு?" நல்லா இருக்குடி என்பேன். அடுத்த வெக்கைக் காற்றிலேயே பூச்சி திரும்பி வந்து உட்கார்ந்துவிட்டது. தின்ன ஒரு வண்டு இல்லை, கழுவ ஒரு கை இல்லை. அவள் எழுந்து நடமாடியபோது கள்ளி காய்ந்த தோலாகத் தரையில் கிடந்தது.

முதல் மழைக்கு புஷைப் உழுதான். இந்த முறை கலப்பை திரும்பவில்லை. அத்தியை வெட்டினான், மாதுளையை வெட்டினான், புதினாப் பாத்தியின் மேலேயே போனான். யம்னா ஊர்த்தலைவர் வீட்டு வாசலில் போய் நின்றாள். அவர் கேட்டது ஒரே கேள்வி. "உன் வேலி எங்கம்மா?" எங்கள் ஊரில் பன்னிரண்டு ஆண்கள் போய்ச் சாட்சி சொன்னால் அது எழுத்தாகிவிடும். புஷைபுக்குப் பன்னிரண்டு பேர் உடனே கிடைத்தார்கள். அங்கே வேலி என்று ஒன்று இருந்ததே தெரியாது, எல்லாம் ஒரே வயல் என்று வரிசையாகச் சொல்லிவிட்டு வந்தார்கள். அந்த வாயெல்லாம் அவளுடைய பழத்தைத் தின்று சிவந்த வாய். என் கூடப்பிறந்தவன் ஏழாவது ஆள். அன்றிலிருந்து அவனுக்கு என் வீட்டில் பச்சைத் தண்ணீர் கிடையாது. செத்தாலும் முகம் பார்க்க மாட்டேன்.

யம்னா மறுபடி ஹம்மாமில் தேய்க்க வந்தாள். அண்ணன்மேல் வருத்தம் இருந்தது, ஆனால் பழி போடவில்லை. "அவன் உழுதது தப்புதான். ஆனா வேலி செத்தது என் விதி. அவனே ஸ்ப்ரேயர் குடுத்தானே" என்பாள். அப்படி நினைத்துக்கொண்டிருந்த வரை அவளுக்குத் தூக்கம் வந்தது.

வசந்தம் பிறந்ததும் ஜவாத் வண்டைப் பார்க்க வந்தான். வேலியைத் தேடி, வாற்கோதுமை வயலைப் பார்த்துவிட்டு, விசாரித்துக்கொண்டு எங்கள் ஹம்மாம் வாசலுக்கு வந்தான். உள்ளே பெண்கள் என்பதால் தள்ளி நின்று, முதுகைக் காட்டிக்கொண்டு கூப்பிட்டான். நான் யம்னாவை வரச்சொன்னேன். ஈரக் கையோடு வந்து நின்றாள்.

"லல்லா யம்னா, வண்டு என்னாச்சு?" என்று கேட்டான். லல்லா என்று அவளை மரியாதையாகக் கூப்பிட்ட ஆள் எங்கள் ஊரில் அதுவரை யாரும் இல்லை.

"வண்டு ஒண்ணும் பண்ணல தம்பி. பூச்சிதான் கூடுச்சு. எல்லா இடமும் வெள்ளையாயிருச்சு. நான் சோப்புப் போட்டு அம்புட்டையும் கழுவிட்டேன்."

அவன் திரும்பியேவிட்டான். பெண்கள் பக்கம் என்பதும் மறந்துபோயிற்று. "நடந்துச்சா? அந்த வெள்ளை, நடந்துச்சா?"

"நடந்துச்சு."

"அது பூச்சி இல்ல லல்லா. வண்டோட குஞ்சு. பாக்க அச்சு அசலா பூச்சி மாதிரியே வெள்ளைப் பஞ்சு போத்திக்கிட்டுத்தான் இருக்கும்."

"நசுக்கிப் பாத்தேனே. சிவப்பு வந்துச்சே."

"பூச்சியத் தின்ன குஞ்சு. வயித்துக்குள்ள சிவப்புதானே இருக்கும்." குரல் இறங்கிவிட்டது. "குஞ்சும் பூச்சி மாதிரியே இருக்கும், சோப்பு மட்டும் போட்டுறக் கூடாதுன்னு உங்க அண்ணன்கிட்ட ரெண்டு தடவை சொன்னேன். திருப்பிச் சொல்லச் சொல்லிக் கேட்டேன். சரியாச் சொன்னாரு. தேநீர் ஊத்திக்கிட்டிருந்த அவர் சம்சாரம்கூடச் சிரிச்சாங்க. 'அப்ப போலீஸ்காரன் குஞ்சு திருடன் சட்டை போட்டுக்கிட்டு வருதா'ன்னு கேட்டாங்க."

யம்னா தன் விரல்களைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவன் இன்னும் ஏதோ சொன்னான். புதுக் கள்ளிக் கன்று தருகிறேன் என்றான், பூச்சி பிடிக்காத ரகம் என்றான். நட எங்கே இடம் இருக்கிறது? "சரி தம்பி" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். பாதியில் விட்ட முதுகைத் தேய்த்து முடித்தாள்.

மஹ்ஜூபாவின் மகளுக்கு நிச்சயம் வந்தது. அதற்கு முந்தின நாள் மஹ்ஜூபா ஹம்மாமுக்கு வந்தாள். துணியைக் கழற்றி என்னிடம் கொடுத்துவிட்டு, "யம்னாவக் கூப்பிடு. வேற யாரு தேச்சாலும் எனக்கு அழுக்குப் போகாது" என்றாள். நான் யம்னாவின் முகத்தைப் பார்த்தேன். அதில் ஒன்றும் இல்லை. கையுறையை மாட்டிக்கொண்டு அவள் பின்னால் போனாள். நானும் எழுந்து, உள்கதவைத் திறந்துவைத்து, அதன் ஓரம் நின்றுகொண்டேன்.

சோப்புப் பூசி ஊறவைத்தாள். தேய்த்தாள். திரி உருண்டது. வழக்கம்போல ஒன்றை உள்ளங்கையில் எடுத்து அண்ணியின் முகத்துக்கு நேராக நீட்டினாள்.

"அண்ணி, இது பூச்சியா, குஞ்சா? பாத்துச் சொல்லு. எனக்குத்தான் அடையாளம் தெரியாதே."

தண்ணீர் மொண்டுகொண்டிருந்தவர்கள் கையை நிறுத்தினார்கள். மஹ்ஜூபா தலையைத் தூக்கி, திரியைப் பார்த்து, யம்னாவையும் பார்த்தாள். பயப்பட்டாள் என்று சொல்ல ஆசைதான். பயப்படவில்லை.

"ஓ, அந்தப் பையன் வந்து சொல்லிட்டானா" என்று மறுபடி தலையைக் கையில் சாய்த்துக்கொண்டாள். "எதுவா இருந்தா உனக்கென்ன? தேய்க்கிறதுதானே உன் தொழிலு. தேய்."

யம்னா தேய்த்தாள். முதலில் மஹ்ஜூபா சும்மா கிடந்தாள். பிறகு போதும் என்றாள். பிறகு நெளிந்தாள், திட்டினாள், எழப் பார்த்தாள். யம்னாவின் முழங்கால் அவள் இடுப்பில் அழுந்தியிருந்தது. கள்ளி மடலைப் பிடிக்கிற அதே பிடி. ஒரு இடத்தையே, மேலும் கீழுமாக, அவசரமில்லாமல் தேய்த்துக்கொண்டிருந்தாள். அலறல் கூரையில் பட்டு எதிரொலித்தது. அங்கிருந்த யாரும் கிட்டே போகவில்லை. நானும் போகவில்லை. ஏன் போக வேண்டும்?

கையுறை நனைந்து நிறம் மாறியதும் யம்னா நிறுத்தினாள். அதைக் கழற்றி அண்ணியின் கண்ணுக்கு முன்னால் பிடித்தாள்.

"சிவப்பு வருது அண்ணி. அப்ப பூச்சிதான்."

நிச்சயதார்த்தத்தில் மஹ்ஜூபா எதிலும் சாயாமல் நிமிர்ந்தே உட்கார்ந்திருந்தாளாம். மகளை நினைத்துப் பெருமிதம் என்று மாப்பிள்ளை வீட்டார் நினைத்துக்கொண்டார்களாம். ஹம்மாம் முதலாளி, அண்ணியைத் தேய்த்த அன்றைக்கே யம்னாவை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார். அவள் உடம்பைத் துடைத்து, உடுத்திக்கொண்டு, தன் மூட்டையை என்னிடம் வாங்கினாள். போகிற போக்கில், வேலி இருந்த காலத்தில் ஒவ்வொரு சாயங்காலமும் செய்த மாதிரி, அலமாரி அடியில் கையை விட்டு அந்தப் பழைய டப்பாவை எடுத்து என் முன்னால் நீட்டினாள்.

"சோப்பு வழிச்சு வச்சிருக்கியா, ஹஜ்ஜா? வெயில் ஏறுறதுக்குள்ள..."

சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவளுக்கு நினைவு வந்துவிட்டது. டப்பாவை நீட்டிய கையை மடக்கவும் தெரியாமல் அப்படியே நின்றாள். நான் அதை வாங்கி, வாளி அடியில் இருந்ததையெல்லாம் வழித்துப் போட்டு, மூடி அவளிடம் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு போனாள்.